கீழக்குளத்து விராலுக்குப் பருவக் குறிப்புகள்

குளிர்ப் பருவம், நாள் 11. காலை 06:10
நீர் 19 பாகை. விளக்கு ஆறு மணி நேரம். தெளிவு: நல்லது.

ஆவுடையப்பன் தூண்டில் கடை, கீழக்குளம், புதுப்பொருநை, செவ்வாய். இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் கடையை எடுத்து நடத்தலாம், ஆட்சேபம் இல்லை. மணிக்கட்டில் கட்டிய கருவியில் பேசுகிறேன். அது எழுதிக்கொள்கிறது.

செவ்வாயின் எரிமலைக் குகை ஒன்றுக்குள் பனியை உருக்கி நிரப்பிய குளம் இது. பருவங்களை மேலாளர் அறையில் ஒரு திருகு தீர்மானிக்கிறது. விளக்கைக் குறைத்தால் குளிர், கூட்டினால் கோடை, கூரைக் குழாயைத் திறந்தால் மழை. ஊருக்கு இருப்பது இந்த ஒரு குளம்தான், ஊர் மொத்தமும் இதில்தான் தூண்டில் போடுகிறது. பிடித்த விராலைத் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். ஆகவே முள் குத்தாத உதடு இங்கே கிடையாது. ஒவ்வொரு மீனும் நாலைந்து முறை கரையைப் பார்த்துவிட்டுப் போனது. படகு நிழல் விழுந்தாலே ஒதுங்கிவிடும். இந்தக் குளத்தில் மீன் பிடிப்பதும், ஏமாந்து பழகிய வாடிக்கையாளரிடம் சரக்கு விற்பதும் ஒன்று.

நான் விற்பது ரப்பர் தவளை. கிழிந்த விண்வெளிக் கையுறை விரல்களை வெட்டிச் செய்கிறேன். கையுறைக்கு ஐந்து தவளை. கட்டைவிரல் தவளைக்குத்தான் கிராக்கி. பூமியிலிருந்து நான் வந்தபோது கையில் இருந்தது ஒரு கத்தரிக்கோல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

குளிர்ப் பருவ உத்தி: விரால் அடியில் கிடக்கும். பசி குறைவு. வெதுவெதுப்பான தண்ணீர் வரும் குழாய்ப் பக்கம் தேடு. சிறிய இரை போடு. இழுக்காதே, கிடக்க விடு. அவசரப்பட்டால் பருவம் முழுக்க வெறுங்கை.

குளத்தில் பெரியதற்கு நாங்கள் வைத்த பெயர் தாசில்தார். நாம் போகும் நேரத்தில் இருக்கையில் இருக்க மாட்டார் என்பதால்.

குளிர்ப் பருவம், நாள் 38. மாலை 17:20
நீர் 18 பாகை. மீன்: ஒன்றும் இல்லை.

குளத்து மேலாளர் தனிஸ்லாஸ் இன்று வானொலியில் கூப்பிட்டான். பதிவு:

"அண்ணாச்சி, தாசில்தாரு எங்கவே உக்காந்திருக்காரு? சும்மா சொல்லும்."

"மடையறை வாசல்ல சார். அங்கதான் தண்ணி வெதுவெதுன்னு வருது. தனியா வந்தீங்கன்னா காட்டித் தாரேன்."

"நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் இடுப்பு வலி. நீரே போயிப் பிடிச்சு போட்டோ அனுப்பும், பாத்துக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். முதல் இரை வீண்.

படிக்கிறவருக்குக் காரணம் தெரிய வேண்டும். என் தம்பி மாசானம் இந்தக் குளத்தில் டைவர். குளத்துக்கு அடியில் மடையறை என்று ஒரு சின்ன அறை உண்டு. மேலே மடை, அதைத் திறந்தால் குளத்துத் தண்ணீர் அறைக்குள் பாயும். கீழே ஒரு இரும்புக் கதவு, அதற்கு வெளியே குட்டிச் சுரங்கம். சுரங்கத்தின் மறு கோடியில் மேலாளரின் அறை, அதைத் தாண்டினால் வெளிக்கதவு. அறைக்குள் இறங்கி, அதன் பின்பக்கத்து வடிகட்டிக் கிணற்றைச் சுத்தம் செய்வது மாசானத்தின் வேலை. உள்ளே ஆள் போனால் மேலாளரின் கருவிப் பலகையில் ஆள் விளக்கு எரியும்.

டைவர்களுக்கு ஒரு வழக்கம். உள்ளே போகுமுன் ஒரு செருப்பைக் கதவுக்கு வெளியே உள்ள அலமாரியில் விடுவார்கள், மற்றதைக் கதவிடுக்கில் வைப்பார்கள். செருப்பு இருக்கும்வரை கதவு சாத்தாது. கதவு சாத்தாமல் மடை திறக்காது. இவ்வளவு கருவி இருக்கும் ஊரில் அவர்கள் நம்புவது அந்த ஒற்றைச் செருப்பைத்தான்.

அன்று தூண்டில் போட்டி. விருந்தினர் கரைக்கு வந்தாயிற்று, மடை திறந்து தண்ணீர் ஓட விட வேண்டும். மாசானம் உள்ளே. பிறகு கதவு சாத்தியிருந்தது, மடை திறந்திருந்தது, தண்ணீர் தம்பியை வடிகட்டிக் கிணற்றுக்குள் அடித்துப் போய்விட்டது. "ஆள் விளக்கு எரியவில்லை, அனுமதி இல்லாமல் நுழைந்தான்" என்றான் தனிஸ்லாஸ். விசாரணைக் குழு மாசானத்தின் இரண்டு செருப்பும் அலமாரியில் ஜோடியாக இருந்ததைப் பார்த்து, ஒழுங்கான ஆள் என்று எழுதிக்கொண்டது. அவர்களில் டைவர் யாரும் இல்லை.

நான் அந்த ஜோடியைப் பார்த்தேன். கதவிடுக்கில் இருந்ததை ஒரு கை எடுத்து அங்கே வைத்திருக்கிறது.

தம்பியின் உடலை எடுப்பது ஆபத்து என்று அங்கேயே விட்டுவிட்டார்கள். ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. எனக்கு அவன் வெளியே வர வேண்டும். தனிஸ்லாஸ் உள்ளே போக வேண்டும். இரண்டும் நடக்காமல் கடை அடைப்பதில்லை.

கோடை, நாள் 20. காலை 05:50
நீர் 30 பாகை. விளக்கு பதினான்கு மணி நேரம். தெளிவு: சுமார்.

கோடை உத்தி: விரால் தாமரை இலை நிழலுக்கு வரும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து ஒரு வாய் காற்று குடிக்கும். நேற்றுப் பிறந்தது எங்கே வேண்டுமானாலும் குடிக்கும். பழகியது, படகு முதுகைக் காட்டிய பிறகு குடிக்கும். குமிழி வந்த இடத்தில் போடாதே, போகிற திசையில் போடு. தவளையை இலை மேல் இறக்கி, வட்டம் அடங்கும்வரை விடு. இங்கே எடை குறைவு, நூல் வெகுதூரம் மிதந்து போகும். பூமிக் கைப்பழக்கத்தை மறந்துவிடு.

இரண்டாவது இரை: பெருமை. தாசில்தாரை மடையறை வாசலில் பிடிப்பவர் பெயர் என் கடைப் பலகையில் என்று அறிவித்தேன். ஊரே வந்தது. இருளாண்டி கூட வந்தான். சுரங்கத்தின் வெளிக்கதவைக் காக்கும் காவலன், என்னிடம் வாங்கி வாரம் ஒரு தவளை தொலைப்பவன். தனிஸ்லாஸ் மட்டும் வரவில்லை.

"பலகைல பேரு எதுக்குவே அண்ணாச்சி? குளமே என் பேர்லதான ஓடுது."

உண்மை. மாசானத்துக்குப் பிறகு அவன் ஒரு விதியும் போட்டிருக்கிறான்: சுரங்கத்தில் தண்ணீர் பட்டால் வெளிக்கதவு தானாகச் சாத்திவிடும். உள்ளே ஆள் விளக்கு எரிந்தால் மட்டுமே காவலர் திறக்க முடியும். விசாரணைக் குழு கைதட்டியது.

ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டாகிவிட்டது. பழகிய மீனுக்கு மூன்றாவது முறை அதே இரையைக் காட்டுபவன் கடையை விற்றுவிட்டுப் போகலாம்.

மழைப் பருவம், நாள் 3. மாலை 16:00
நீர் 27 பாகை. கூரைக் குழாய் திறந்தாயிற்று.

இங்கே மழைத்துளி யோசித்து யோசித்துத்தான் விழும். குளத்தின் முழு முகமும் மாறிவிட்டது. விரால் ஜோடி ஜோடியாகக் கரையோரம் வந்து கூடு கட்டுகிறது. இன்னும் சில நாளில் குஞ்சுகள் செக்கச்சிவந்த ஒரு பந்தாக நீர்மட்டத்தில் சுழலும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும்.

மழைப் பருவ உத்தி: எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தப் பந்தின் நடுவே தவளையை இழுத்தால் எவ்வளவு பழகிய விராலும் கடிக்கும். பசிக்காக இல்லை. அதற்குத் தெரியும் அது ரப்பர் என்று, முள் இருக்கிறது என்று. தெரிந்தும் கடிக்கும். பசிக்கு ஏமாறாதது கோபத்துக்கு ஏமாறும்.

கேடுகெட்டவன்தான் அப்படிப் போடுவான். 'குஞ்சுப் பந்தில் தூண்டில் போடுபவருக்கு இங்கே சரக்கு இல்லை' என்று கடை வாசலில் பலகை மாட்டியிருக்கிறேன். மாசானம் எழுதிய எழுத்து.

இப்போது என் கேள்வி: தனிஸ்லாஸ் எதைக் காவல் காக்கிறான்? குடும்பம் பூமியில். நட்பு கிடையாது. பதவி ஒன்றுதான். அடுத்த வாரம் பதவி நீட்டிப்புக் கூட்டம்.

மழைப் பருவம், நாள் 6. காலை 09:15
நீர் 27 பாகை. குஞ்சுப் பந்து: கிழக்குக் கரையில் நான்கு.

எல்லாப் படகுக்கும் கேட்கிற பொது அலைவரிசையில் பேசினேன். பதிவு:

"ஆவுடையப்பன் பேசுதேன். நீட்டிப்புக் கூட்டத்துல நான் ஒண்ணே ஒண்ணு கேக்கப் போறேன். மாசானத்தோட ரெண்டு செருப்பையும் அலமாரில ஜோடி சேத்து வச்சது யாரு? இந்த ஊர்ல உள்ள டைவர் அத்தன பேரும் வந்து நில்லுங்க. பதில் தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

முதலில் வந்தது இருளாண்டி குரல்: "அண்ணாச்சி, கேளும்வே. நாங்களும் நிக்கோம்."

தனிஸ்லாஸ் அலைவரிசையை அணைத்தான். நூல் அசைகிறது. இழுக்கக் கூடாது.

மழைப் பருவம், நாள் 8. பிற்பகல் 15:30

கடித்தது. ஆனால் கடித்தது அவன் இல்லை.

எனக்கு மட்டும் கேட்கும் அலைவரிசையில் தனிஸ்லாஸ் குரல் வந்தது:

"அண்ணாச்சி, ஒரு சேதி. மடையறைக்குப் பின்னால அந்த வடிகட்டிக் கிணத்த காங்கிரீட் போட்டு மூடப் போறோம். நாளைக்குக் காலைல. சுகாதார உத்தரவு. உம்ம தம்பிய எடுக்கணும்னா இன்னைக்கே வாரும். நா கதவு திறந்து விடுதேன். கூட்டத்தக் கூட்டிட்டு வராதீரும், நீரு மட்டும் வாரும். எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா."

உத்தரவு என்று எதுவும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கு மனசு இல்லை என்றும் தெரியும். தம்பியின் எழுத்து இருக்கும் வாசல் பலகையைப் பார்த்தேன். நான் அவன் குஞ்சுப் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அவன் என்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டான். என் தம்பி கிடக்கும் இடத்தின் நடுவே தவளையை இழுக்கிறான்.

தெரிகிறது. முள் தெரிகிறது. நூல் தெரிகிறது. நூலின் மறு நுனியில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனும் தெரிகிறான்.

போகிறேன். காங்கிரீட் போட்டுவிடுவானோ என்ற ஒரு நினைப்பு போதும். தெரிந்தே கடிக்கிற விராலை முட்டாள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

கடையிலிருந்து எடுத்துக்கொண்டவை: இருப்பதிலேயே வலுவான நூல் ஒரு சுருள். கட்டைவிரல் தவளை ஒன்று.

மழைப் பருவம், நாள் 8. மடையறை, 16:40

வெளிக்கதவில் இருளாண்டி இல்லை. டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்கிறான் போல. தனிஸ்லாஸ் சுழல் நாற்காலியில் இருந்தபடியே கையால் வழி காட்டினான். எழுந்திருக்கவில்லை.

அவன் கருவிப் பலகையைக் கவனித்தேன். நான் வாசலைத் தாண்டினால் எரிய வேண்டிய ஆள் விளக்கு எரியவில்லை. நான் வந்ததற்கு அடையாளம் இருக்கக் கூடாது என்று தன் அறை உட்பட சுரங்கம் முழுவதற்கும் அணைத்து வைத்திருக்கிறான்.

சுரங்கம் முழுவதற்கும். நல்லது.

ஒரு செருப்பை அலமாரியில் விட்டேன். மற்றதைக் கதவிடுக்கில் வைத்தேன், அவன் பார்க்கும்படி நிதானமாக வைத்தேன். குனிந்து வைக்கும்போது மற்ற கை தாழ்ப்பாள் போய் விழும் குழிக்குள் தவளையைத் திணித்தது. கையுறை ரப்பர். அடைத்தால் தாழ்ப்பாள் நக அளவுதான் உள்ளே போகும். பலகையில் பச்சை எரியும். ஆள் தள்ளினால் திறக்காது. குளம் தள்ளினால்?

செருப்பு கண்ணுக்குத் தெரிகிற இரை. பழகிய மீன் அதை ஒதுக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்.

16:52

கிணற்று வாயில் பிறகு மாட்டிய கம்பிக்குப் பின்னால் தம்பி இருக்கிறான். கம்பி முன்பே துருப்பிடித்திருந்தது, கழற்றிவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்புப் பட்டையின் வளையத்தில் என் நூலின் ஒரு நுனியைக் கட்டினேன். மறு நுனி என் இடுப்பில். கடையில் இருப்பதிலேயே வலுவானது, அறாது.

வாடா மாசானம். போதும் இங்கே இருந்தது.

16:58

கதவு சாத்தப்பட்டது. சாத்துமுன் அலமாரியில் டப் என்று ஒரு சத்தம். என் செருப்பையும் ஜோடி சேர்த்து வைக்கிறான். ஒழுங்கான ஆள்.

வானொலிப் பதிவு:

"அண்ணாச்சி, உம்ம கடை வாசல்ல ஒரு போர்டு தொங்குதுல்லா, குஞ்சுப் பந்துல தூண்டி போடக் கூடாதுன்னு. நா போட்டுட்டேன். மன்னிச்சுக்கிடும்."

"மாசானம் கத்துனானா சார்?"

"கத்தாம? கதவத் தட்டிக்கிட்டே இருந்தான். விருந்தாளி வந்து நிக்காவ, நா என்ன செய்யட்டும்? பத்து நிமிசம், பத்து நிமிசம்னான். பத்து நிமிசத்துக்கு யாருவே நிப்பா?"

"சரி சார். கதவு சாத்தியாச்சுன்னு பச்சை எரியுதா?"

"எரியுது. உம்ம தம்பிக்கும் இதே பச்சைதான்."

"நல்லாப் பாத்துக்கிடுங்க சார்."

17:01

மடை திறந்தது. எடை குறைந்த ஊரில் தண்ணீர் பாய்வது பார்க்க அழகு, நுரை கூரை வரை எழும்பி மெல்ல இறங்குகிறது. முழங்கால். 27 பாகை. வெதுவெதுப்பு. விரால் குஞ்சுகள் சில உள்ளே வந்துவிட்டன. ஒதுங்குங்கள், ஒதுங்குங்கள்.

பிழைக்கக் கணக்குப் போடவில்லை என்று சொன்னால் பொய். கதவு போனால் தண்ணீர் சுரங்கத்துக்குள் பரவும், கூரையில் காற்று தங்கும். அது ஒரு வாய்ப்பு. நூற்றுக்கு ஒன்று. நான் இதைவிடக் கேவலமான விகிதத்துக்கு வியாபாரம் தொடங்கியவன்.

இடுப்பு.

மார்பு. கதவு முனகுகிறது. முனகட்டும்

17:0

போயிற்று கதவு. என்னையும் தம்பியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு. தோள் உடைந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்தது. வானொலி மட்டும் பேசுகிறது. கேட்கிறேன்.

"இருளாண்டி! ஏலே இருளாண்டி! வெளிக்கதவத் திற!"

"சாரா? எங்க இருக்கீங்க சார்?"

"உள்ள இருக்கேன்லே! தண்ணி வந்துட்டு! கழுத்தளவு வந்துட்டு, திறலே!"

"சார், கதவு தானா சாத்திட்டு. பலகைல பாக்கேன், உள்ள ஆளே இல்லன்னுல்லா காட்டுது. ஆள் விளக்கு எரியாம கதவு திறக்காதே. நா திருகித்தான் பாக்கேன். திறக்க மாட்டேங்கு."

"விளக்க நாந்தாம்லே அணைச்சேன்! எரிய வை!"

"அத எரிய வைக்கிற சாவி உங்க மேசைலல்லா இருக்கு சார். நீங்க போட்ட விதிதான சார். சார்? சார், மேசைக்கு முங்கிப் போக முடியுமா? சார்?"

பிறகு தண்ணீர்ச் சத்தம். தட்டும் சத்தம் கொஞ்ச நேரம். இரும்பை உள்ளங்கையால் தட்டினால் எப்படிக் கேட்கும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். மாசானம், நீயும் கேட்டாயா.

பத்து நிமிடத்துக்கு யார் நிற்பார்கள்.

நேரம் தெரியவில்லை

கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் காற்று. மூக்கை மேலே வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் க்ளப், க்ளப் என்று சத்தம். விரால்கள். அவையும் ஒரு வாய் குடித்துவிட்டுப் போகின்றன. படகு முதுகைக் காட்டும்வரை காத்திருக்கும் சாதி, இப்போது என் காது அருகே குடிக்கிறது. பயம் விட்டுப்போயிற்று போல.

இருளாண்டி கத்திக்கொண்டே இருக்கிறான், அண்ணாச்சி உள்ள இருக்கீரா என்று. நான் இந்தப் பக்கம் வந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். இருக்கிற மூச்சு இந்தக் குறிப்புக்குத்தான் போதும், அவனுக்குப் பதில் சொல்லவில்லை. டைவர்களைக் கூட்டிவருகிறானாம். பொறுமையாக வரட்டும். செருப்பை வைத்துவிட்டு வரட்டும்.

இரண்டு செருப்பு மிதந்து வந்தன. என்னுடையவை. இன்னும் ஜோடியாக. பின்னால் இன்னொன்று. தோல், தங்க நிறக் கொக்கி. அவனுடையது. ஒற்றை.

இடுப்பில் நூல் இறுகுகிறது, தளர்கிறது. தம்பி பின்னால் வருகிறான்.

அதன் பிறகு

நீர் 27 பாகையாக இருக்கும். தெளிவு: இல்லை. காற்று: நாலு விரல்.

மணிக்கட்டு வெளிச்சத்தைக் கீழே திருப்பினேன். மேலாளர் அறை. மேசை கவிழ்ந்து கிடக்கிறது. நாற்காலி தரையோடு திருகி இறுக்கியது, அசையவில்லை. தனிஸ்லாஸ் கதவோரம், உள்ளங்கை இரும்பில்.

நாற்காலியில் பெரிய ஒன்று கிடக்கிறது. தொடை பருமன். உதட்டில் பழைய முள் தழும்பு, எண்ண முடியவில்லை. செதில் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. என்னைப் பார்க்கிறது. ஒதுங்கவில்லை.

தாசில்தார். இருக்கையில் இருக்கிறார்.

கடையை எடுத்து நடத்துபவருக்கு: மழைப் பருவ உத்தி ஒன்றை மேலே எழுதினேன். அடித்துவிட வேண்டாம். அது சரிதான். போடுபவனுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் கீழே சேர்த்துக்

இப்போது மேலே வருகிறார். காற்றுக்கு. என் பக்கம்தான். இருக்கிற காற்று ஒரு வாய்

ஒருவருக்கு